ஜி.பி.எஸ். கைவிரிக்கும் உயரம்

அமெரிக்க ராணுவம் தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் பல ஆண்டுகளாக ஒரு பொய்யைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் மட்டும் வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து, இருக்கும் இடத்தைச் சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டச் செய்தது. எதிரி நாடுகள் இதை வைத்துக் குறிபார்த்துவிடக் கூடாது என்பது காரணம். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி, அதிபர் பில் கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் இருந்த கருவிகள் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தன. மறுநாளே, ஒரேகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், வீடியோ, கவண், ஒரு டின் பீன்ஸ் என்று சில பொருட்களைப் போட்டு, பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் மரங்களுக்கிடையே வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் எதையாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும், நோட்டில் எழுதிவிட்டு வர வேண்டும். விதி அவ்வளவுதான். சில நாட்களிலேயே ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். ஜியோகேச்சிங் என்று இன்று அழைக்கப்படும் புதையல் வேட்டை இப்படித்தான் தொடங்கியது. இப்போது உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1983-இல், அட்லாண்டா நகரில் இன்னொரு பொழுதுபோக்கு பிறந்திருந்தது. பாறை ஏறுவதில் பழக்கப்பட்டு, பிறகு மரங்களைக் கழித்துச் சீர்செய்யும் தொழிலுக்கு வந்த பீட்டர் ஜென்கின்ஸ், அந்தத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் கயிற்று முறையைச் சாதாரண மக்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தார். 'ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வெட்டுவதற்கோ காய் பறிப்பதற்கோ இல்லாமல், ஏறி உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்குவதற்காகவே மரம் ஏறுவது என்ற எண்ணம் அங்கே ஒரு முறையான பயிற்சியாக உருவெடுத்தது. புதையல் வேட்டையும் மரமேற்றமும் தனித்தனியே வளர்ந்தாலும் சந்திக்க வெகுகாலம் ஆகவில்லை. புதையல் வைப்பவர் ஒருவர் பெட்டியை மரத்தடியில் வைப்பதற்குப் பதில் இருபது மீட்டர் உயரத்தில் ஒரு கவட்டையில் கட்டிவிட்டால் போதும். ஜியோகேச்சிங்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் நிலப்பரப்பின் கடுமையை 1 முதல் 5 வரை தரம் பிரித்து எழுதுவார்கள். 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் படகோ, மூழ்குக் கருவியோ, கயிறோ இல்லாமல் முடியாது. அமெரிக்காவுக்கு அடுத்து அதிகப் பெட்டிகள் உள்ள ஜெர்மனியில், கயிறும் ஹெல்மெட்டுமாக இந்த 5-ஆம் தரத்து மரங்களைத் தேடிப் போவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

வேலையற்றவர்களின் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வழி சொல்லும் பொறுப்பை முழுவதுமாகக் கைபேசியிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு காலத்தில், கைபேசியால் முடிக்கவே முடியாத ஒரு கடைசிப் பகுதியை இந்த ஆட்டம் மனிதனிடம் திருப்பிக் கொடுக்கிறது என்பதும், அந்தக் கடைசிப் பகுதி மரத்தின் மேல் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு என்பதும் என் வாதம். இதை ஏற்க, முதலில் ஜி.பி.எஸ். எங்கே, ஏன் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் தெரியும். இதில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும். திறந்த வெளியில் ஒரு கைபேசி பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் சரியாகச் சொல்லும் என்பது அமெரிக்க அரசே தரும் கணக்கு. அடர்ந்த மரங்களுக்குக் கீழே அந்தத் துல்லியம் கிடையாது. ஈரமான இலைகள் சமிக்ஞையை உறிஞ்சுகின்றன. அடிமரங்களில் பட்டுத் தெறித்து வரும் அலை நேராக வந்ததைவிடத் தாமதமாக வந்து கருவியைக் குழப்புகிறது. திரையில் இருக்கும் புள்ளி நிற்காமல் அலைபாயும். ஜியோகேச்சிங்கில் எழுதும் முறைப்படி அட்சரேகையின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர் நகர்ந்ததாகக் கணக்கு. எண்ணில் அவ்வளவு நுணுக்கம் இருக்கிறது, கருவியில் இல்லை. பத்து மீட்டர் வட்டத்துக்குள் ஏழெட்டு மரங்கள் நின்றால் எது என்று சொல்ல எந்தச் செயற்கைக்கோளாலும் ஆகாது. உயரம் இன்னும் மோசம். செயற்கைக்கோள்கள் எல்லாமே தலைக்கு மேலே இருக்கின்றன, நம் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆகவே கிடைமட்டத்தில் வரும் பிழையைவிட உயரத்தில் வரும் பிழை பொதுவாகக் கூடுதல். போதாக்குறைக்கு, புதையலுக்குத் தரப்படும் எண்கள் இரண்டே இரண்டுதான். வேரடியில் இருக்கும் பெட்டிக்கும் முப்பது மீட்டர் மேலே உச்சாணிக் கொம்பில் இருக்கும் பெட்டிக்கும் அவை ஒன்றே.

ஆக, கருவி நம்மை மரத்தடி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கைவிரித்துவிடுகிறது. அது ஏன் நல்லது என்பதற்கு மூளை ஆய்விலிருந்து கொஞ்சம் சான்று உண்டு. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்குகிறார்கள். அவர்களுடைய மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை எலினார் மக்வாயரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்டார்கள். 2017-இல் லண்டனின் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 24 பேரை சோஹோ பகுதித் தெருக்களில் மாதிரிப் பயணம் செய்ய வைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். தாங்களே வழி யோசித்தவர்கள் ஒரு புதுத் தெருமுனைக்கு வரும்போதெல்லாம் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று கருவி சொல்லக் கேட்டவர்களிடம் அந்தச் சலனமே இல்லை. 24 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. கைபேசி நம்மை முட்டாளாக்கிவிட்டது என்று இந்த ஆய்வுகளை வைத்துக் கூவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம்: கேட்டு நடக்கும்போது நாம் யோசிப்பதில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. வழக்கமான ஜியோகேச்சிங்கிலும் இதே குறை உண்டு. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போய், கல்லைப் புரட்டிப் பெட்டியை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறவர்கள் பலர். அன்றைய கணக்கில் எத்தனை பெட்டி சேர்ந்தது என்பதே அவர்களுக்கு முக்கியம். மரத்தின் மேல் இருக்கும் பெட்டி அந்த ஓட்டத்தைத் தானாகவே நிறுத்திவிடுகிறது.

நின்றதும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முதல் வேலை, எந்த மரம் என்று முடிவு செய்வது. குறிப்பில் 18 மீட்டர் உயரம் என்று இருந்தால், அங்கே நிற்கும் மரங்களில் எது அந்த அளவுக்காவது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், ஒரு குச்சி போதும். கையை நேரே நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து முஷ்டி வரை எவ்வளவு தூரமோ, முஷ்டிக்கு மேல் குச்சியும் அதே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, குச்சியின் நுனி மர உச்சியிலும் முஷ்டி வேரடியிலும் படும்வரை பின்னால் நகர்ந்தால், நிற்கும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். அடுத்து, மரத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால் உள்ளே மக்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு பக்கம் மண் பிளந்து மேடு தட்டியிருந்தால் வேர் பெயர்ந்துகொண்டிருக்கிறது. மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறதா, பொந்தில் பறவை இருக்கிறதா, தேனடை, குளவிக்கூடு உண்டா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் செலவிடுவது இந்த ஆட்டத்தில் சாதாரணம். கைபேசியைப் பையில் போட்டாயிற்று, கண் வேலை செய்கிறது.

பிறகுதான் கயிறு. 300, 400 கிராம் எடையுள்ள ஒரு சிறு பையில் மெல்லிய நூல்கயிற்றைக் கட்டி, தேர்ந்தெடுத்த கிளையின் கவட்டைக்கு மேலாக எறிவார்கள். உயரம் அதிகமென்றால் நீண்ட கம்பில் பொருத்திய பெரிய உண்டிவில்லால் விடுவார்கள். முதல் வீச்சிலேயே சரியான கவட்டையில் விழுவது அபூர்வம். கிளை உயிரோடு இருக்க வேண்டும், குறைந்தது 10 சென்டிமீட்டர் பருமன் வேண்டும், கயிறு அடிமரத்தை ஒட்டி விழ வேண்டும். மெல்லிய நூலோடு ஏறும் கயிற்றைக் கட்டி இழுத்து மேலேற்றிய பின், இரண்டு பேர் சேர்ந்து தொங்கி இழுத்துப் பார்ப்பார்கள். அது தாங்கினால் இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் ஏறலாம். கயிற்றின் ஒரு நுனி அவர் பட்டையில் கட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் வால், கிளையைத் தாண்டி வரும் மறுபாதியில் பிளேக்ஸ் முடிச்சாக விழும். நான்கு சுற்று மேல்நோக்கிச் சுற்றி, நுனியைக் கீழே கொண்டுவந்து, பின்பக்கமாக அடியில் உள்ள இரண்டு சுற்றுகளுக்குள் நுழைத்து இறுக்குவது. எடை விழுந்தால் இறுகும், கையால் தள்ளினால் நகரும். ஓர் அடி ஏற இரண்டு அடி கயிறு இழுக்க வேண்டும் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் பலசாலிகளுக்கு மட்டும் உரியதாக அது இல்லாமல் போனதற்குக் காரணமும் அதுவே. இறங்கும்போது அவசரப்பட்டால் உராய்வின் சூட்டில் முடிச்சு உள்ள இடத்தில் நைலான் பளபளவென்று இளகி வலுவிழக்கும். ஆகவே இறக்கமும் நிதானமாகத்தான் நடக்க வேண்டும். வேகம் காட்ட எந்தக் கட்டத்திலும் இடமில்லாத ஒரு புதையல் வேட்டை இது.

இவ்வளவு பாடுபட்டு மேலே போனால் கிடைப்பது என்ன? ஒரு கைப்பிடி அளவுள்ள பிளாஸ்டிக் குழாய். உள்ளே சுருட்டிய காகிதம், ஒரு துண்டுப் பென்சில். இந்த அற்பத்தனம்தான் ஆட்டத்தின் காவல் என்பது என் எண்ணம். விலைமதிப்புள்ள புதையல் என்ன செய்யும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1979-இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்கரேட்' என்ற படப்புத்தகத்தில் குறிப்புகளை ஒளித்து, ஒரு தங்க முயலை மண்ணில் புதைத்து வைத்தார். ஜனங்கள் கடப்பாரையோடு கிளம்பி நாடெங்கும் தோண்டினார்கள். 2010 வாக்கில் அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஃபென் என்ற கலைப்பொருள் வியாபாரி ராக்கி மலைத்தொடரில் தங்கமும் நகையும் நிறைந்த ஒரு பெட்டியை ஒளித்து, அதற்கான துப்பை ஒரு கவிதையாக எழுதினார். 2020-இல் வயோமிங் மாநிலத்தில் அது கண்டெடுக்கப்படுவதற்குள், தேடிப் போனவர்களில் ஐந்து பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. பத்து லட்சம் டாலர் மேலே தொங்குகிறது என்றால் எந்த மனிதனும் கிளையைச் சோதித்துக்கொண்டு நிற்க மாட்டான். துண்டுப் பென்சில்தான் என்றால் திரும்பிப் போக மனம் வரும். மழை வந்தால் இறங்கிவிடலாம், கூட்டில் குஞ்சு இருந்தால் விட்டுவிடலாம். நஷ்டம் ஒன்றுமில்லை.

பரிசு அற்பம் என்பதால் ஏமாற்றுவதும் அற்பமாகிவிடுகிறது. நீண்ட தூண்டில் கம்பால் பெட்டியைக் கீழே இழுத்துக் கையெழுத்துப் போட்டால் அது கணக்கில் சேருமா? ஒருவர் ஏறி, கீழே நிற்கும் பத்துப் பேர் பெயரையும் எழுதிவிட்டால்? நோட்டில் பெயர் இருந்தால் சரி என்கிறது விதி. இதைப் பற்றி இந்த வட்டாரத்தில் சலிக்காமல் சண்டை போடுகிறார்கள். போடட்டும், யாருக்கும் காயமில்லை.

காகிதத்தைத் தவிர மேலே வேறு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். மர உச்சிகளை அறிவியல் கவனிக்கத் தொடங்கியதே அண்மையில்தான். 1982-இல் டெரி எர்வின் என்ற பூச்சியியலாளர், பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிக்கொல்லிப் புகை அடித்து, விழுந்ததை எண்ணியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டினங்கள் கிடைத்தன. அதிலிருந்து வெப்பமண்டலத்தில் 3 கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். பிற்காலத்தவர் அந்த எண்ணை வெகுவாகக் குறைத்துவிட்டாலும், உச்சியில் ஒரு தனி உலகம் இருக்கிறது என்பது நிலைத்தது. கலிஃபோர்னியாவின் செம்மரக் காடுகளில் கயிறு கட்டி ஏறிய ஸ்டீபன் சில்லட், கிளைகளின் மேலேயே மண் சேர்ந்து பெரணி வளர்வதையும், சாலமாண்டர்கள் அங்கேயே குடியிருப்பதையும் பதிவு செய்தார். நம் திருநெல்வேலிச் சீமையில், களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் காக்காச்சிப் பகுதியில், டி. கணேஷ், சௌபத்ரா தேவி ஆகிய ஆய்வாளர்கள் மர உச்சிகளின் வாழ்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சிங்கவால் குரங்கின் முக்கிய உணவு மரமான குல்லேனியா எப்போது பூக்கிறது, யார் வந்து தின்கிறார்கள் என்பதெல்லாம் தரையில் நின்று முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாத சங்கதிகள். பொழுதுபோக்காக ஏறுகிறவர் விஞ்ஞானி ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கீழிருந்து ஒரே பச்சைக் குடையாகத் தெரிந்த மரம், உள்ளே போனதும் கிளைக்குக் கிளை வேறு வெளிச்சம், வேறு எறும்பு, வேறு காற்று என்று பிரிந்து தெரியும். பென்சிலும் காகிதமும் அங்கே கூப்பிட்டுப் போவதற்கு ஒரு சாக்கு.

இனி மறுப்புகள். முதலாவதும் கனமானதும் மரத்தின் தரப்பிலிருந்து வருவது. மரப்பட்டைக்கு உடனே கீழே இருக்கும் மெல்லிய உயிர்ப்படலம்தான் மரத்தைப் பருக்க வைக்கிறது. கிளையின் மேல் கயிறு முன்னும் பின்னும் ஓடினால் ரம்பம் போல் அதை அறுத்துவிடும். கூர்முனைக் காலணி மாட்டி ஏறினால் ஒவ்வொரு அடியும் ஒரு புண். இதற்குப் பதில் இருக்கிறது: கயிறு ஓடும் இடத்தில் தோல் உறை அல்லது வளையம் மாட்டுவது, கயிறே நகராத ஒற்றைக் கயிற்று முறையில் ஏறுவது, வெட்டப்போகும் மரத்தைத் தவிர வேறெதிலும் கூர்முனைக் காலணியைப் பயன்படுத்தாதிருப்பது. முறையான மரமேறிகள் இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். மரத்தில் ஆணி அடித்துப் பெட்டி மாட்டுவதை ஜியோகேச்சிங் விதிகளும் அனுமதிப்பதில்லை. ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை மரம், வேலிப்புதர்களை வெட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பது ஒரு முக்கியக் காரணம். வெட்டுகிறவருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் ஏறுகிறவரும் அந்த மாதங்களில் ஒதுங்கி நிற்பதே முறை.

ஆனால் கயிறும் ஆணியும் இல்லாமலேயே ஒரு மரத்தை நாசமாக்க முடியும் என்பதை ஹைபீரியன் காட்டியது. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் 2006-இல் கண்டறியப்பட்ட இந்தச் செம்மரம் சுமார் 116 மீட்டர் உயரம். உலகில் உயிரோடிருக்கும் மரங்களில் அறியப்பட்டவரை இதுவே நெடியது. இடத்தை வெளியே சொல்லாமல்தான் வைத்திருந்தார்கள். எப்படியோ அதன் அட்சரேகை, தீர்க்கரேகை இணையத்தில் கசிந்துவிட்டது. பாதையே இல்லாத புதர்க்காட்டை மிதித்துக்கொண்டு ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அடியில் பெரணி முளைக்காத அளவுக்கு மண் இறுகியது. செம்மரத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை என்பதால் மேல்மண்ணின் சேதம் அதற்கு உறைக்கும். 2022-இல் பூங்கா நிர்வாகம் அங்கே செல்வதற்கே தடை விதித்தது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இந்த மறுப்பை நான் அப்படியே ஏற்கிறேன். பெருமைவாய்ந்த ஒரு மரத்தின் இட எண்ணை ஊருக்கெல்லாம் வெளியிடுவது, அது எந்த விளையாட்டுக்காக இருந்தாலும், தவறு. புதையல் வைப்பவர் சாதாரண மரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தோப்பில் நிற்கும் ஐம்பது மரத்தில் ஒன்று. மிதிபடும் மண் ஏற்கெனவே நடமாட்டத்துக்குப் பழகிய மண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, விழுந்து செத்தால் யார் பொறுப்பு என்பது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நளினி நட்கர்னி, இந்தியத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்க ஆய்வாளர். மர உச்சி ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர், பல பத்தாண்டுகள் கயிற்றில் தொங்கியே பழகியவர். அவரே 2015-இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார். பிழைத்து மீண்டும் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அனுபவம் விழாமல் காக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கயிற்றில் வேறோர் ஆபத்தும் உண்டு. மயங்கியோ களைத்தோ அசையாமல் பட்டையில் தொங்கினால், கால்களில் ரத்தம் தேங்கி அரை மணி நேரத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து வரலாம். அதனால்தான் தனியாக ஏறக் கூடாது என்பதும், மேலே மாட்டிக்கொண்டவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கயிறோடு கீழே நிற்க வேண்டும் என்பதும் இந்தக் கலையின் மாற்ற முடியாத விதிகள். ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயமுறுத்தும் 5-ஆம் தரத்து மரத்தைவிட, அதற்குச் சற்றுக் குறைவாகத் தரம் பிரிக்கப்பட்ட மரமே எனக்கு அதிகக் கவலை தருகிறது. 5 என்றால் கயிறு வேண்டும் என்று தெரிந்து வருகிறார்கள். 4 என்றால், ஏணிபோல் கிளைகள் இருக்கின்றன, கையாலேயே ஏறிவிடலாம் என்று செருப்புக் காலோடு ஆறேழு மீட்டர் போய்விடுகிறார்கள். அந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறியும். ஆகவே ஆட்டத்தைத் தடைசெய்வது இதற்கு விடையாகாது. தலைக்கு மேல் உயரமுள்ள எந்தப் பெட்டிக்கும் கயிறு கட்டாயம் என்று ஆக்குவதே விடை. இது ஆட்களைக் குறைக்கும். குறையட்டும்.

நம் ஊரில் எழக்கூடிய மறுப்பு வேறு வகை. கால்களில் தளைநார் மாட்டி, ஒரு நாளில் பல பனைகள் ஏறி இறங்கும் பனையேறிகள் பாதுகாப்பின்றி விழுந்து சாகும் நாட்டில், பொழுதுபோக்குக்கு மரம் ஏறச் சொல்வது கொழுப்பில்லையா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தக் கயிற்று முறை பனையேறிக்கு உதவும் என்று நான் ஆசை காட்டப் போவதில்லை. பனையில் கயிற்றைப் போடக் கிளையும் கிடையாது, கவட்டையும் கிடையாது. ஆனால் மழைக்காலத்துக்கு முன் சாலையோரப் புளியையும் வேம்பையும் கழிக்க, இடுப்பில் ஒரு கட்டும் இல்லாமல் அரிவாளோடு ஏறும் தொழிலாளிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தொழிலாளியிடமிருந்து பொழுதுபோக்குக்குப் போன முறை, இங்கே பொழுதுபோக்கிலிருந்து தொழிலாளிக்குத் திரும்பி வரலாம். கயிறும் பட்டையும் ஹெல்மெட்டும் கடையில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டுமானால், அவற்றை வாங்குகிற ஒரு கூட்டம் முதலில் வேண்டும். இது நடந்தே தீரும் என்று சொல்லத் துணியமாட்டேன். நடக்கக்கூடியது என்று மட்டும் சொல்வேன்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது, நிற்பதும் சரிதான். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சரணாலயத்துக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக அனுமதி கேட்கிறது. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் புதையல் ஒளிக்கும் யோசனையை ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும். கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று ரயில் நிலையத்தில் ஓயாமல் ஒலிக்கும் ஊரில், மரத்தில் கட்டிய மர்மப் பெட்டி போலீசைத்தான் கூட்டி வரும். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரத் தெருவில் ஒருவர் ஒளித்த புதையல் பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்க வைத்தார்கள். கோயில் மரங்களும் வேண்டாம். ஊர் வணங்குகிற அரசில் கயிறு வீசுவதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

எஞ்சுவது தனியார் தோப்பு, பெரிய பள்ளி கல்லூரி வளாகங்கள். அதுவே தாராளம். உரிமையாளரின் எழுத்து அனுமதி, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் புட்டி, அதன் மேல் பெயரும் தொலைபேசி எண்ணும், முதிர்ந்த ஒரு புளியோ மருதோ. முருங்கை, அகத்தி பக்கம் போகவே வேண்டாம். அவற்றின் கிளை முறியும் லட்சணம் ஊருக்கே தெரியும். முசுறுக் கூடு தொங்கும் மாமரத்தையும் விட்டுவிடலாம். ஒரு மரத்தின் உச்சியில் கிடைக்கும் காகிதத்தில் அடுத்த மரத்துக்கான திசையும் தூரமும் மட்டும் எழுதி வைத்தால், மேலே உட்கார்ந்தபடியே காந்த ஊசியைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது ஜி.பி.எஸ். முதல் மரத்தோடு முடிந்துவிடும். மாணவர்களுக்கு வரைபடமும் திசையும் சொல்லித்தர இதைவிடச் செலவு குறைந்த வகுப்பறைகள் உண்டு, இதைவிட நன்றாக மனத்தில் பதிவது குறைவு.

இதைப் படித்துவிட்டு யாராவது ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கிணற்றுக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் கட்டுரையின் நோக்கமே பாழ். கிணற்றுக் கயிறும், கொடிக் கயிறும், லாரியில் பாரம் கட்டும் கயிறும் ஆளைத் தாங்க வேண்டி நெய்தவை அல்ல. முதலில் கயிற்றேற்றம் முறையாகக் கற்றுத்தரும் ஒருவரைத் தேடுங்கள். மலையேற்றக் கழகங்களில் கிடைப்பார்கள். அவரிடம் தரையில் நின்று முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள், மேலே மாட்டிக்கொண்ட ஒருவரை எப்படி இறக்குவது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.